முதுமை, மகிழ்ச்சி, உறவுகள்: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

வயது ஏற ஏற மகிழ்ச்சியும் உறவு வட்டமும் எப்படி மாறுகின்றன என்பது உளவியல், மக்கள்தொகையியல், முதியோர் மருத்துவம் ஆகிய மூன்று துறைகளுக்கும் பொதுவான ஆய்வுப் பொருள். தமிழ்நாட்டில் இந்த மாற்றத்தை நேரில் காணத் தோதான இடம், பல்லாவரத்தில் தொடங்கி குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் வழியாக வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் இருபுறமும் விரிந்துள்ள புறநகர். 1970களிலும் 80களிலும் ஏறத்தாழ ஒரே வயதினர், ஒரே மாதிரி உத்தியோகம் பார்த்தவர்கள், அடுத்தடுத்த மனைகளை வாங்கி இங்கே வீடு கட்டினார்கள். பிள்ளைகள் ஒரே காலத்தில் பள்ளிக்குப் போனார்கள், ஒரே காலத்தில் வெளியூர் போனார்கள். அதனால் இங்கு பல தெருக்கள் தெருவாகவே மூப்படைந்திருக்கின்றன.

முதியோர் பிள்ளைகளோடு இருக்க வேண்டுமா, தனியே இருக்க வேண்டுமா என்ற வழக்கமான பட்டிமன்றத் தலைப்பு இந்தப் பொருளைப் புரிந்துகொள்ளப் பெரிதாக உதவாது. யாருடன் இருக்கிறார்கள் என்பதைவிட, அந்த ஏற்பாடு அவர்கள் மனதுக்கு ஒத்ததா, நடந்துபோகும் தூரத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறதா என்ற இரண்டுமே மனநிறைவை அதிகம் தீர்மானிப்பதாகத் தெரிகிறது.

குடியேற்றம்

தாம்பரத்துக்கு நல்ல காற்றுள்ள ஊர் என்ற பெயர் முதலில் வந்தது காசநோயால். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் இங்கே காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஊர்மக்களுக்கும் ரயில் நிலையத்துக்கும் மட்டும் அது இன்னும் சானடோரியம்தான். வீட்டாரைப் பிரிந்து வந்தவர்களை வேற்று மனிதர்கள் பார்த்துக்கொண்ட இடம் அது. முதியோர் பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழைய வரலாறும் நினைவில் இருப்பது நல்லது.

1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு மாறியது. 1949-இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி வந்தது. விமானப்படைத் தளம், ரயில்வே குடியிருப்பு, 1984-இல் சானடோரியம் அருகே ஏற்றுமதி மண்டலம் என்று ஒவ்வொன்றும் மாதச் சம்பளக்காரர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. ரயில்வே, தபால், தொலைபேசி, வங்கி, ஏஜீஸ் ஆபீஸ், விமானப்படை என்று வேலை பார்த்தவர்கள் சொசைட்டிக் கடனிலும் பி.எஃப். பணத்திலும் மனை வாங்கினார்கள். கிணறு தோண்டி, தென்னங்கன்று வைத்து, வீட்டுக்கு அம்மா பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ சூட்டினார்கள். 2011 கணக்கெடுப்பில் தாம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 1,74,787. அந்த நகராட்சியோடு பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-இல் 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி ஆயின.

நீண்ட ஆயுளைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவரும் இந்தப் பகுதிக்காரரே. கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பணியை 1911-இல் விட்டுப் பல்லாவரத்துக்கு வந்த மறைமலை அடிகள், 1950-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். உணவு, உறக்கம், மூச்சு, மனவமைதி ஆகியவற்றைப் பேசும் அவரது நூலின் பெயர் ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’. அவர் அதை எழுதிய காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் நாற்பதைக்கூட எட்டவில்லை. அப்போது நூறைப் பற்றி எழுதியது துணிச்சல்தான். இதே ஜி.எஸ்.டி. சாலையில் சற்றுத் தெற்கே அவர் பெயரில் எழுந்த மறைமலைநகரைச் சுற்றிய பகுதி, ஓய்வுபெற்றவர்கள் குடியேறும் இடங்களுள் ஒன்றாகியிருப்பது தற்செயல் பொருத்தம்.

ஆய்வுகள்

இந்தியாவில் முதியோர் விழுக்காட்டில் கேரளத்துக்கு அடுத்த மாநிலம் தமிழ்நாடு. நடுவண் அரசின் மக்கள்தொகைக் கணிப்புப்படி 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-இல் இது 18.2 ஆகும். கருவள விகிதம் பல ஆண்டுகளாகவே ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தைக்கும் கீழே இருப்பதும், பிள்ளைகள் வேலைக்காக வெளியேறுவதும் இதற்குக் காரணங்கள். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2011-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் எடுத்த ஆய்வில், முதியோர் தனித்து வாழ்வது தமிழ்நாட்டில்தான் அதிகமாகத் தென்பட்டது. பெற்றோரைக் கைவிட்டதன் அடையாளமாகவே இதைப் படிப்பது பரவலான வழக்கம். ஆனால் ஒரே ஊரில், அடுத்த தெருவில் மகன் இருக்க, தனி அடுப்பு வைத்துக்கொள்வது தமிழ்நாட்டில் வெகுகாலமாக உள்ள ஏற்பாடு. கணக்கெடுப்புப் படிவத்தில் அதுவும் ‘தனியாக’ என்றே பதிவாகும்.

மகிழ்ச்சியை அளப்பதில் பேர்போனது ‘யு’ வளைவு. டேவிட் பிளாஞ்ஃபிளவர், ஆண்ட்ரூ ஓஸ்வால்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் 2008-இல் பல நாட்டுத் தரவுகளை வைத்து, மனநிறைவு இளமையில் உயர்ந்தும், நாற்பதுகளின் நடுவே தாழ்ந்தும், பின் மீண்டும் ஏறியும் செல்வதாகக் காட்டினார்கள். எல்லா நாட்டுக்கும் இது பொருந்தவில்லை. ஆண்ட்ரூ ஸ்டெப்டோ, ஆங்கஸ் டீட்டன், ஆர்தர் ஸ்டோன் ஆகியோர் ‘லான்செட்’ இதழில் 2015-இல் எழுதிய கட்டுரை, ஆங்கிலம் பேசும் பணக்கார நாடுகளில் இந்த வளைவு தெரிகிறது, கிழக்கு ஐரோப்பாவில் வயதோடு மனநிறைவு இறங்கிக்கொண்டே போகிறது என்று சொன்னது. அண்மைக் காலத்தில் இளைஞர்களின் மனச்சோர்வு கூடியதால் வளைவின் இடது கையே சரிந்துவிட்டதாகப் பிளாஞ்ஃபிளவரே எழுதுகிறார்.

இந்தியாவுக்கான நல்ல தரவு, மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகையியல் கல்வி நிறுவனம் 2017-18-இல் 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த நெடுங்கால முதுமை ஆய்வு. இதை வைத்து 2024-ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை தனி அத்தியாயமே எழுதியது. வயது கூடக்கூட வாழ்க்கை நிறைவு கூடுவது பணக்கார நாடுகளுக்கு மட்டுமே உரியதன்று, இந்தியாவிலும் அப்படித்தான் என்பது அதன் முடிவு. நிறைவைத் தீர்மானித்தவற்றுள் முதலிடம் பிடித்தவை மூன்று: வசிக்கும் ஏற்பாட்டில் திருப்தி, பிறர் தம்மைப் பாகுபாட்டோடு நடத்துகிறார்கள் என்ற உணர்வு, தம் உடல்நலத்தைப் பற்றித் தாமே வைத்திருக்கும் மதிப்பீடு. மகனோடு இருப்பதும் தனியே இருப்பதும் இந்த மூன்றில் இல்லை. இருக்கும் இடம் பிடித்திருக்கிறதா என்பது இருக்கிறது. பெண்களைப் பற்றிய முடிவும் கவனத்துக்குரியது. நேரடிக் கணக்கில் முதிய பெண்களின் நிறைவு ஆண்களைவிடக் குறைவு. கல்வி, வருமானம், துணையிழப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தால் பெண்களின் நிறைவே அதிகம். குறை வயதிலோ பெண்ணாய்ப் பிறந்ததிலோ இல்லை. அவர்களுக்கு வாய்த்த நிலைமைகளில் இருக்கிறது.

நாற்பதுகள்

வளைவின் அடிப்பகுதி இந்தப் புறநகரில் எப்படி இருக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வீட்டுக் கடன் பாதி வழியில் இருக்கிறது. மூத்தது பிளஸ் டூ. அப்பாவுக்குக் கண்புரை, அம்மாவுக்கு முழங்கால். ஓ.எம்.ஆரில் வேலையென்றால் காலையில் கேம்ப் ரோடும் மேடவாக்கமும் தாண்டவேண்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலையென்றால் ஷிப்ட் பஸ். மேலே பெற்றோர், கீழே பிள்ளைகள், நடுவில் மாதத் தவணை. இந்த வயதில் நண்பர்களைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். சண்டை ஏதும் இல்லை, நேரமில்லை, அவ்வளவே.

ஒரு விதிவிலக்கு உண்டு: மின்சார ரயில். கடற்கரை வண்டியில் அதே நேரம், அதே பெட்டி, அதே இருக்கை என்று இருபது ஆண்டுகள் போய்வந்தவர்களிடையே ஒரு தனி நட்பு உருவாகியது. மகளிர் பெட்டியில் பூக்கட்டுவதும், கீரை ஆய்வதும், சீட்டுக் கட்டுவதும், வரன் சொல்வதும் நடந்தன. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போயிருக்கமாட்டார்கள்; ஆனால் பெண்ணுக்கு எந்த வாரம் பிரசவம் என்று தெரியும். சீசன் டிக்கெட் முடிந்த மாதத்தோடு அநேகமாக அந்த நட்பும் முடிந்துவிடும். இடத்தோடு கட்டிய உறவு இடம் மாறினால் நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தப் பகுதியில் கிடைக்காது.

வட்டம் சுருங்குதல்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் 1990களில் முன்வைத்த கோட்பாடு முதுமையைப் பற்றிய ஒரு பழைய எண்ணத்தை மாற்றியது. அதற்கு முன், முதியவர்களின் பழக்கவழக்கம் குறைவதை இழப்பாகவே கருதினார்கள். இனி இருக்கும் காலம் குறைவு என்ற உணர்வு வந்தவுடன் மனிதர் மனதுக்குப் பிடித்த சிலரை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தாமாகவே விலக்குகிறார் என்பது கார்ஸ்டென்சனின் வாதம். அதனால்தான் எழுபது வயதுக்காரர் கோபத்தையும் வருத்தத்தையும் முப்பது வயதுக்காரரைவிடக் குறைவாகச் சொல்கிறார். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மொய்யை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவரைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் கழித்துக் கழித்து எஞ்சுபவர் யாரும் இல்லாமலும் போகலாம். ராபர்ட் கான், டோனி அன்டனூச்சி இருவரும் 1980-இல் உறவு வட்டத்தை, வாழ்நாள் முழுதும் கூடவே வரும் வழித்துணையாக விளக்கினார்கள். அதில் சிலர் இடையிலேயே இறங்கிவிடுவார்கள், சிலர் ஏறிக்கொள்வார்கள். அருகில் இருக்கும் இரண்டு மூன்று பேர் மாறாமல் இருப்பதே முக்கியம். ஹார்வர்டில் 1938-இல் 268 கல்லூரி மாணவர்களோடு தொடங்கி, பிறகு பாஸ்டன் ஏழைக் குடியிருப்புகளின் 456 சிறுவர்களையும் சேர்த்துக்கொண்டு இன்றும் தொடரும் ஆய்வு, ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பதில் நலமாக இருந்தார்கள், கொழுப்பின் அளவைவிட இதுவே நல்ல முன்னறிகுறி என்று காட்டியது. அந்த 724 பேரும் அமெரிக்க வெள்ளை ஆண்கள் என்பதால் தாம்பரத்து மாமிக்கு அதை அப்படியே பொருத்துவது கூடாது. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் குழு 2010-இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவோடு தொகுத்தபோதும், உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது.

தமிழில் இந்தக் கருத்துக்கு வயது மிக அதிகம். இத்தனை வயதாகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன விடையே புறநானூற்றின் 191-ஆம் பாடல். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறியும் ஏவலர், முறைதவறாத அரசன், இவற்றுக்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் சான்றோர் பலர் வாழ்வது என்று அவர் காரணங்களை அடுக்குகிறார். வீட்டில் தொடங்கி ஊரில் முடியும் அந்த வரிசையில் ஊருக்குத்தான் கடைசி அழுத்தம். மாறாக 243-ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் காட்டும் கிழவர், மடுவில் குதித்து விளையாடிய தம் இளமையை நினைத்து, இருமலுக்கு நடுவே ஒன்றிரண்டு சொல் பேசுகிறார். சங்ககாலப் புலவர்களுக்கு இரண்டு வகை முதுமையும் தெரிந்திருந்தது.

ஓய்வும் வீடும்

தமிழ்நாடு அரசு ஊழியர் ஓய்வு வயது 58-இலிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஓய்வுபெற்ற மறுநாளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடப்பது வேறு வேறு. ஆணின் நட்பு பெரும்பாலும் ஆபீஸைச் சார்ந்தது. அது ஒரே நாளில் நின்றுவிடுகிறது. பெண்ணின் உறவு தெரு, கோயில், உடன்பிறந்தார், பூக்காரி என்று பரவிக் கிடக்கிறது. நாற்பது ஆண்டுகள் காலை எட்டுக்குப் போய் மாலை ஏழுக்கு வந்த மனிதர் பகல் முழுதும் ஹாலில் உட்கார்ந்து, அடுப்பில் எது எப்போது வைக்கவேண்டும் என்று யோசனை சொல்லத் தொடங்கும்போது மனைவிக்கு ஏற்படும் அயர்ச்சி புள்ளிவிவரங்களில் எளிதில் தெரிவதில்லை. பேரப் பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் வேலை பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இந்தப் புறநகரில் ஆண்களுக்கு இரண்டாவது அலுவலகமாக அமைந்தது குடியிருப்போர் நலச் சங்கம். மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு, ஏரி ஆக்கிரமிப்பு என்று மனு எழுதுவதில் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரை மிஞ்ச ஆளில்லை. சிட்லபாக்கம் ஏரியை மீட்க உள்ளூர்வாசிகள் பல ஆண்டுகள் போராடியபோது, களத்தில் இறங்கிய இளைஞர்களுக்குத் துணையாகக் கோப்புகளோடு அலைந்தவர்களில் மூத்தவர்கள் கணிசம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவர்கள் கையில் நன்றாகவே பேசியது. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சரியாகாது. ஊருக்குத் தான் தேவைப்படுகிறோம் என்ற எண்ணம் மனநலத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதை முதியோர் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கோயில் உழவாரம், தேவாலயத்தின் முதியோர் கூட்டம், பள்ளிவாசல் திண்ணை, பென்ஷனர் சங்கக் கூட்டம், ஆண்டுக்கொருமுறை உயிரோடிருப்பதைக் காட்டக் கருவூலத்திலோ வங்கியிலோ நடக்கும் நேர்காணல் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. நேர்காணலுக்கு வந்தவர்கள் யார் வரவில்லை என்று விசாரிப்பதும் உண்டு.

வசதி குறைந்த பகுதிகளில் கதை வேறு. பம்மல், அனகாபுத்தூர் பக்கம் தோல் பதனிடுதலிலும் நெசவிலும் கூலிக்கு இருந்தவர்களுக்கு ஓய்வு என்ற ஒரு நாளே இல்லை. உடம்பு முடியாமல் போகும் நாள்தான் அது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கப்பட்டது. இந்தத் தொகையில் வாடகை கொடுக்க முடியாது, ஆனால் மருமகளிடம் மாத்திரைக்குக் கை நீட்டாமல் இருக்கலாம். சின்னக் கைக்காசு வீட்டுக்குள் ஒருவரின் இடத்தை மாற்றிவிடும் என்பதை அதை வாங்குபவர்கள் நன்கறிவார்கள்.

பிள்ளைகள்

வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளையும் தனித்த பெற்றோரையும் ஐ.டி. காலத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். பரங்கிமலை, பல்லாவரம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் அதை இரண்டு தலைமுறை முன்பே பார்த்துவிட்டன. 1947-க்குப் பிறகு பிள்ளைகள் இங்கிலாந்துக்கும், பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போக, ரயில்வே பென்ஷனோடு இங்கேயே தங்கிய பெரியவர்கள் தேவாலயத்தையும் அண்டைவீட்டாரையும் வைத்து வாழ்ந்தார்கள். கடிதம் வர மூன்று வாரம் ஆன காலம் அது.

இப்போது வீடியோ கால் இருக்கிறது, நேர வித்தியாசம் இருக்கிறது. மகளின் பேறுகாலத்துக்கு அமெரிக்கா போகும் அம்மா ஒரு பயணத்தில் வழக்கமாக ஆறு மாதம்வரை தங்கலாம். அப்பா குளிருக்கும் தனிமைக்கும் பயந்து இரண்டே மாதத்தில் திரும்பிவிடுவார். அந்த நாட்களில் கணவனும் மனைவியும் வெவ்வேறு கண்டத்தில் வாழும் விசித்திரம் கிழக்குத் தாம்பரத்திலும் சேலையூரிலும் புதிதல்ல. திரும்பி வந்தவர்கள் முதலில் சொல்லும் குறை அங்கே தெருவில் ஆளே இல்லை என்பதுதான்.

இங்கேயே இருக்கும் பிள்ளைகளோடு பல குடும்பங்கள் கண்ட சமரசம் மாடிப் போர்ஷன். கீழே பெற்றோர், மேலே மகன் குடும்பம், தனித்தனி சமையல், மின்மீட்டரும் தனி. குழம்பு கிண்ணம் மேலும் கீழும் போய்வரும், பேரன் எந்த வீட்டில் தூங்குவான் என்று யாரும் கேட்பதில்லை. பழைய தனி வீடு இடிந்து, பில்டரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு அடுக்குமாடியானபோது இந்த ஏற்பாட்டுக்கு முதல் அடி விழுந்தது. லிஃப்ட் வந்தது, திண்ணை போனது. கதவைச் சாத்தினால் எதிர்வீட்டார் யார் என்று தெரியாத கட்டடத்தில் 75 வயதில் புதிதாய் நட்பு தேடுவது எளிதல்ல.

உடன்பிறந்தாரின் உறவு தனிக் கவனம் பெறவேண்டியது. முப்பதிலிருந்து ஐம்பது வரை சொத்து, சீர், கல்யாணச் செலவு என்று முறுக்கிக்கொண்டிருந்த அண்ணன் தம்பியர், அறுபதைத் தாண்டியதும் ஒருவரையொருவர் தேடத் தொடங்குகிறார்கள். சிறுவயதில் இருந்த வீட்டை, செத்துப்போன அம்மாவை நினைவுள்ளவர் வேறு யாரும் மிஞ்சியிருப்பதில்லை. அறுபதாம் கல்யாணம், எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைத் தாண்டிய சதாபிஷேகம் என்று திருக்கடையூருக்கோ, உள்ளூர் மண்டபத்துக்கோ கூட்டும் சடங்குகள் இதற்கு வழி செய்கின்றன. மந்திரத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் இதை மணிவிழா என்று கொண்டாடுவதன் காரணம் புரியக்கூடியதே. பத்து வருடம் பேசாதவரைக் கூப்பிட ஒரு சாக்கு கிடைக்கிறது.

துணை போன பின்

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கணவனை இழந்தவர்கள். ஆண்களில் மனைவியை இழந்தவர் ஆறேழு பேரில் ஒருவர் அளவே. கணவன்மார் வயதில் மூத்திருப்பதும், பெண்கள் சற்றுக் கூடுதல் காலம் வாழ்வதும், மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்துகொள்வதும் காரணங்கள். தனித்த பெண்ணுக்குப் பணமும் பாதுகாப்பும் முதல் கவலை. தனித்த ஆணுக்குச் சமையலறை. பால் பாக்கெட்டை எப்படிக் காய்ச்சுவது என்று எழுபத்திரண்டில் கற்றுக்கொள்ளும் ஆண்களை நம்பியே, டிபன் கேரியரில் வீட்டுச் சாப்பாடு அனுப்பும் பல மெஸ்கள் குரோம்பேட்டையிலும் நங்கநல்லூரிலும் நடக்கின்றன. சாப்பாடு கொண்டுவரும் பையன் மணி அடித்துக் கதவு திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டில் சொல்லுவான். எந்தத் திட்டத்திலும் இல்லாத கண்காணிப்பு இது.

கணவன் போனபின் சில பெண்களின் வாழ்க்கை விரிவதும் உண்டு. முதன்முறையாகத் தன் பெயரில் வங்கிக் கணக்கு, காசி யாத்திரை, கோலாட்டக் குழு, விரும்பிய நேரத்தில் தூக்கம். துக்கத்தோடு சேர்ந்தே இதுவும் நடக்கிறது என்பதைச் சொல்லத் தயங்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மருத்துவமும் இல்லங்களும்

இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித்துறையானது சென்னையில். டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கு எம்.டி. படிப்பு வந்தது. 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024-இல் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் மையம் திறக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து ரயிலில் கிண்டி அரைமணி நேரத் தொலைவு. சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் காலைநேர வரிசையில் மூட்டுவலிக்காரர்களே அதிகம் கண்ணில் படுவார்கள். காத்திருக்கும் பெஞ்சில் நட்பும் பிறக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன.

உடலைவிடக் கடினம் மறதிநோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இது இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு சென்னையில் இதற்கென ஒரு பிரிவை நடத்துகிறது. மறதிநோயில் உறவு தலைகீழாகிறது: நாற்பது ஆண்டு வாழ்ந்த மனைவியைக் கணவர் யாரென்று கேட்கிறார், கவனித்துக்கொள்ளும் மனைவியோ தன் துக்கத்தைச் சொல்ல ஆளின்றி இருக்கிறார். இப்படிப் பராமரிப்பவர்களின் மனநலம் தமிழ்நாட்டில் இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை.

ஆதரவற்ற முதியோருக்கான ஏற்பாடு சென்னைக்குப் புதிதல்ல. ராயபுரம் மணியக்காரர் சத்திரம் 1782 பஞ்சகாலத்தில் தோன்றியது. சமூக சேவகர் சாவித்திரி வைத்தி 1978-இல் தொடங்கிய விஸ்ராந்தி இல்லம், ஆதரவற்ற முதிய பெண்களுக்குக் கட்டணமின்றி இடம் தந்தது. பணம் கட்டித் தங்கும் இல்லங்கள் பின்னர் தாம்பரம், முடிச்சூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் பெருகின. அதற்கும் பிறகு வந்தவை பொதுச் சமையலறை, மருத்துவ உதவி, கைப்பிடி வைத்த குளியலறை கொண்ட ஓய்வுக் குடியிருப்புகள். இதில் கோயம்புத்தூர் முன்னோடி, சென்னைப் புறநகர் பின்தொடர்கிறது. இல்லத்தில் சேர்ந்தவர் எல்லாரும் துரத்தப்பட்டவர் என்று திரைப்படங்கள் கற்பித்த எண்ணம் சலிப்பூட்டுவது. தானே பார்த்து, தானே பணம் கட்டிச் சேர்ந்தவருக்கும், ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிக் கொண்டுபோய் விடப்பட்டவருக்கும் அறை ஒன்றுதான், அனுபவம் வேறு. பகலில் வந்து மாலையில் வீடு திரும்பும் அன்புச்சோலை மையங்கள் 25-ஐ மாநகராட்சிப் பகுதிகளில் அமைப்பதாக 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இந்தப் புறநகரின் தேவைக்கு மிக நெருக்கமானது இந்த வடிவம்தான்.

சொத்தும் சட்டமும்

ஆயிரக்கணக்கில் வாங்கிய மனை இன்று கோடிக்கணக்கில் போவதால், இங்கே அன்பும் பத்திரமும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்கின்றன. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2009-இல். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தர உத்தரவிடலாம். செங்கல்பட்டு மாவட்டம் 2019-இல் பிரிந்தபின் தாம்பரம் கோட்ட மனுக்கள் அந்த மாவட்ட நிர்வாகத்துக்குள் வருகின்றன. சட்டத்தின் 23-ஆம் பிரிவே அதிகம் பயன்படுவது: பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளவில்லை என்றால் ரத்துசெய்யலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்களின் பார்வை ஒருபடியாக இருந்ததில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஊர்மிளா தீட்சித் வழக்கில் இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஆயினும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதும் நாளில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வதே புத்திசாலித்தனம். மகன் மனம் நோகுமே என்று அதை விட்டுவிட்ட பெற்றோர்தான் பிறகு கோட்டாட்சியர் அலுவலகப் படியேறுகிறார்கள். நாடுமுழுதும் முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

ஊர் தாங்கும் விதம்

அண்டைவீட்டாரின் மதிப்பை இந்தப் பகுதி 2015 டிசம்பரில் கண்டது. அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. தொலைபேசி செத்தது, மின்சாரம் போனது. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன, படகுகள் வந்தன. ஆனால் முதல் இரவில் முதியவர்களை மாடிக்கு ஏற்றியது எதிர்வீட்டுப் பையன்களும் குடித்தனக்காரர்களும். கலிஃபோர்னியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அழைத்த பிள்ளைகள் சமூக வலைத்தளங்களில் முகவரியைப் போட்டுக் கெஞ்சியது அந்த வெள்ளத்தின் இன்னொரு காட்சி. 2020 கொரோனா ஊரடங்கு அதே பாடத்தை வேறு வடிவில் நடத்தியது.

வெளியே போய்வர முடிவதும் உறவின் ஒரு பகுதி. சென்னை மாநகரப் பேருந்தில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் 2016 முதல் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லை. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. 2023 டிசம்பர் இறுதியிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்துக்கு மாறியதால் தாம்பரத்துக்காரருக்குச் சொந்த ஊர் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. சாலையைக் கடப்பதுதான் பெரும்பாடு. ஜி.எஸ்.டி. சாலையின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் அக்காவைக் கிழக்குப் பக்கத்துத் தங்கை மாதக்கணக்கில் பார்க்காமலிருக்க, பாலமும் படிகளும் போதும். உடைந்த நடைபாதையை முதியோர் நலக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

இனி வருபவர்கள்

இப்போது நாற்பதுகளில் இருக்கும் புறநகர்வாசிகள் 2045-க்குப் பிறகு இந்தத் தெருக்களின் முதியவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, அல்லது பிள்ளையே இல்லை; உடன்பிறந்தாரும் ஒருவர் இருவரே. 2003 ஏப்ரலுக்குப் பின் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்ற நிலையில் அவர்களது பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பி.எஃப்.தான். பெற்றோர் தனி வீட்டையும் தெருவையும் சேர்த்து வாங்கினார்கள். இவர்கள் வாங்கியிருப்பது மேடவாக்கத்திலோ வேங்கைவாசலிலோ ஐந்நூறு வீடுகள் கொண்ட வளாகத்தில் எட்டாவது மாடி. அங்கே நீச்சல்குளமும் வாட்ஸப் குழுவும் உண்டு, காவலாளி உண்டு, நடைபாதை சமமாக இருக்கிறது. மாலையில் கீழே இறங்கி உட்காரும் பெஞ்சுகளில் இப்போது இருப்பவர்கள், பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் விஜயவாடாவிலிருந்தும் வந்த தாத்தா பாட்டிகள். பாதி பேருக்கு மற்றவர் மொழி தெரியாது. குழந்தைகள் விளையாடி முடிக்கும்வரை சேர்ந்தேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.